முதலைக் கல்யாணச் செய்தியும் யோகோதானும்

வியாஎர்மோசா,
நவம்பர் 18

அன்புள்ள சண்முகம்,

மருமகளின் தம்பி கையில் நீ கொடுத்தனுப்பிய கடிதமும், மதினி அதோடு வைத்திருந்த மாவடு பாட்டிலும் பத்திரமாக வந்து சேர்ந்தன. மதினிக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். ஒரு மாதத்துக்கு அடுப்புப் பக்கம் விடாதே. நீயே சமைத்துப் போடு. விடுதியில் நீ வைத்த மிளகு ரசத்தின் மணம் நாற்பத்தைந்து வருடம் கழித்தும் எனக்கு நினைவிருக்கிறது.

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. உறைக்குள் நீ வைத்திருந்த செய்தித்தாள் துண்டுதான் காரணம். மெக்சிகோவில் ஒரு மேயர் முதலையைத் திருமணம் செய்துகொண்டார் என்ற செய்தி. வெள்ளைக் கல்யாண உடை, வாய் கட்டிய முதலை, அதை முத்தமிடும் மனிதர். நூலகத்து அறிவிப்புப் பலகையில் 'விந்தை உலகம்' என்ற தலைப்பின்கீழ் ஒட்டியிருப்பதாகவும், பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்த்துச் சிரிப்பதாகவும் எழுதியிருந்தாய். தபாஸ்கோ மாநிலத்தில் நான் இருக்கும் இந்த வியாஎர்மோசாவுக்கு அது பக்கமா என்றும் கேட்டிருந்தாய். பக்கம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

முதலில் அந்தக் கல்யாணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரின் பெயர் சான் பெத்ரோ வாமெலூலா. வஹாக்கா மாநிலத்தில், பசிபிக் கரையை ஒட்டிய ஊர். ஜூன் மாதக் கடைசியில் புனித பேதுரு திருவிழா நடக்கும்போது இந்தச் சடங்கு நடக்கிறது. அந்தக் கரையில் இரண்டு மக்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். ஒருவர் சோந்தால், மற்றவர் வாவே. வாவே என்பதுகூட மற்றவர்கள் வைத்த பெயர்தான். அவர்கள் தங்களை இகூட்ஸ் என்கிறார்கள், 'நாம்' என்று அதற்குப் பொருள். இந்த இரண்டு மக்களுக்கும் இடையே நெடுங்காலம் பகை இருந்தது என்றும், சோந்தால் அரசன் வாவே இளவரசியை மணந்தபோது அது தீர்ந்தது என்றும் அங்கே சொல்கிறார்கள். மேயர் அந்த அரசன், முதலை அந்த இளவரசி. மழை வேண்டும், மீன் வேண்டும், நிலம் விளைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அந்தச் சம்பந்தத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். மணப்பெண் ஊருக்குள் வரும்போது வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போய் ஆடுகிறார்கள். இருநூறு வருடங்களுக்கு மேலாக இது நடந்துவருகிறதாம். மீனாட்சிக்கு வருடா வருடம் கல்யாணம் செய்து வைக்கிறவர்கள் நாம். நமக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது, சொல்.

சரி, கதைக்கு வருகிறேன். அந்தத் துண்டில் சோந்தால் என்ற சொல்லைப் பார்த்ததும் மகன் சொன்னான், "அப்பா, சோந்தால் மக்கள் இங்கேயே இருக்கிறார்களே. நாகாஹூகா போனால் பார்க்கலாம், இங்கிருந்து அரை மணி நேரம்தான்" என்று. ஒரே மக்கள் அங்கும் இங்கும் பரவியிருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன். இல்லை சண்முகம். இவர்களுக்கும் அவர்களுக்கும் மொழியில் எந்த உறவும் இல்லை. நடுவில் இருப்பது பெயர் ஒன்றுதான். அதுவும் இரண்டு பேருடையதும் அல்ல.

சோந்தால் என்ற சொல் நாவாட்ல் மொழியிலிருந்து வந்தது, ஸ்பானியர்களுக்கு முன் மத்திய மெக்சிகோவை ஆண்ட அஸ்தெக்குகள் பேசிய மொழி. அதில் 'சோந்தால்லி' என்றால் அந்நியன், வெளியாள். தங்கள் பேச்சு தெரியாத மக்களை அவர்கள் அப்படிச் சொன்னார்கள். இன்னும் சில மக்களைப் 'போபோலோகா' என்றார்கள். புரியாமல் உளறுகிறவர்கள் என்று பொருள். ஸ்பானியர்கள் வந்து நாவாட்ல் பேசுகிறவர்களை முன்னால் விட்டுக்கொண்டு நாட்டைப் பிடித்தபோது, அவர்கள் சொன்ன பெயர்களையே ஏட்டில் ஏற்றிக்கொண்டார்கள். அப்படித்தான் தபாஸ்கோவில் ஒரு சோந்தால், வஹாக்காவில் ஒரு சோந்தால், கெரேரோவில் இன்னொரு சோந்தால் என்று ஆனது. கெரேரோவின் மொழி மறைந்தே போய்விட்டது. தெற்கே நிகராகுவாவில் ஒரு மாவட்டத்தின் பெயரே சோந்தாலெஸ். தன் சொந்த ஊரில், தன் பாட்டன் பூட்டன் வாழ்ந்த மண்ணில் இருக்கிறவனுக்கு வெளியாள் என்று பெயர். நம் சங்கப் பாட்டில் வேற்று நாட்டைச் சொல்லும்போது 'மொழிபெயர் தேஎம்' என்று வருமே, வகுப்பில் நீ அதை எவ்வளவு ஆசையாகச் சொல்லிக்கொடுப்பாய். மொழி மாறுகிற இடம், அவ்வளவுதான். அதில் யாருக்கும் இழிவு இல்லை. அந்தச் சொல் எனக்கு இங்கே வந்துதான் முழுதாக விளங்கியது.

நான் இருக்கும் இந்தத் தபாஸ்கோவின் சோந்தால் மக்கள் தங்கள் மொழியை யோகோதான் என்கிறார்கள். 'யோகோ' என்றால் மெய்யான, 'தான்' என்றால் பேச்சு. மெய்ப்பேச்சு. அந்தத் 'தா'வை நாம் சொல்வதுபோல் சொன்னால் சரியாக வராது. நாக்கு த-வுக்குப் போகும்போதே தொண்டையை ஒரு கணம் அடைத்து, பிறகு வெடித்தாற்போல் விட வேண்டும். இது மாயன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாலென்கே என்ற பழைய மாயன் நகரத்தின் கல்வெட்டுகளில் இருக்கும் பழைய மாயன் மொழியும் இதே கிளைதான். வஹாக்காவில் இருப்பதோ வேறு குடும்பம், தெகிஸ்த்லாத்தேக் என்பார்கள். கலிபோர்னியாப் பக்கத்து மொழிகளோடு அதைச் சேர்த்துப் பார்க்க அறிஞர்கள் நூறு வருடமாக முயன்றிருக்கிறார்கள், இன்னும் நிரூபணம் ஆகவில்லை. அந்தக் குடும்பத்துக்குள்ளும் மலையில் பேசுவது ஒரு மொழி, கரையில் பேசுவது இன்னொரு மொழி. குடும்பத்துக்கே பெயர் கொடுத்த தெகிஸ்த்லாத்தேக் என்ற மூன்றாவது மொழியைப் பேச இப்போது ஆள் இல்லை. மலையில் இருப்பவர்கள் தங்களை ஸ்லிஹுவாலா ஷானுக் என்கிறார்கள், மலைவாசிகள் என்று பொருள். அந்நியர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

யோகோதானில் எண்ணும் முறையைப் பற்றி உனக்கு எழுதாமல் இருக்க முடியாது. இலக்கணம் என்றால் சாப்பாட்டையே மறக்கிறவன் நீ. நாம் மனிதர்களை ஒருவர், இருவர், மூவர் என்றும் மற்றவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்றும் எண்ணுகிறோம் அல்லவா. இவர்கள் அந்தப் பாகுபாட்டை இன்னும் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒன்று என்பதற்கு 'உன்' என்ற வேர். அது தனியாக நிற்காது. எண்ணப்படுவது ஆளா பொருளா என்று பார்த்து ஒரு ஒட்டு வந்து சேரும். ஆளுக்கு 'உன்து', பொருளுக்கு 'உன்பெ', செடிக்கும் மரத்துக்கும் 'உன்தேக்', குச்சிபோல் நீளமாக மெலிந்திருப்பதற்கு வேறு ஒன்று. என்ன பொருள் என்று தெரியாமல் எண்ணிக்கையே சொல்ல முடியாது. இப்போது சின்ன எண்களைத் தாண்டிவிட்டால் ஸ்பானிய எண்களுக்குப் போய்விடுகிறார்கள். சந்தையில் பேரம் எல்லாம் ஸ்பானிய மொழியில் நடக்கிறது, வேறு வழி என்ன.

வரலாற்றில் இந்த மொழி நின்ற இடத்தைக் கேள். இந்த ஆறுகளும் சதுப்புகளும் ஒரு காலத்தில் பெரிய வணிகப் பாதைகள். சோந்தால் வணிகர்கள் படகில் கொக்கோவும் உப்பும் ஏற்றிக்கொண்டு யுகதான் தீபகற்பத்தின் கரையைச் சுற்றிப் போனவர்கள். 1519 மார்ச்சில் ஸ்பானியப் படைத்தலைவன் கோர்தேஸ் இங்கே சென்த்லாவில் சண்டை போட்டு வென்றான். தோற்றவர்கள் அவனுக்கு இருபது பெண்களைக் கொடுத்தார்கள். அதில் ஒருத்திதான் மாலின்ச்சே. தாய்மொழி நாவாட்ல். அடிமையாகப் பொதோன்சான் என்ற ஊருக்கு வந்து, சோந்தால் மக்களிடையே இருந்து, மாயன் பேச்சைக் கற்றுக்கொண்டவள். கோர்தேஸிடம் அகிலார் என்று ஒரு ஸ்பானியன் இருந்தான். கப்பல் உடைந்து யுகதானில் பல வருடம் கிடந்து மாயன் கற்றவன். கோர்தேஸ் சொல்வதை அகிலார் மாயனில் சொல்ல, அதை மாலின்ச்சே நாவாட்லில் சொல்ல, அப்படித்தான் அஸ்தெக் பேரரசன் மொந்தேசூமாவரை பேச்சு போயிற்று. ஒரு சாம்ராஜ்யம் விழுந்த பேச்சுவார்த்தைக்கு, புரியாத மொழி என்று தள்ளிவைத்த மொழிக் குடும்பம்தான் நடுப்பாலமாக நின்றிருக்கிறது.

ஆறு வருடம் கழித்து, 1525-இல், கடைசி அஸ்தெக் அரசன் குவாவ்தெமோக்கைக் கைதியாக இழுத்துக்கொண்டு கோர்தேஸ் ஹொண்டுராஸுக்குப் போகிறான். வழியில் அகாலான் என்ற சோந்தால் நாடு. தலைநகர் இட்சம்கானாக், அரசன் பாஷ்போலோனாச்சா. அங்கேதான் குவாவ்தெமோக்கைக் கொன்றார்கள். ஸ்பானியர்கள் எழுதியதில் தூக்கில் போட்டதாக இருக்கிறது. ஆனால் பாஷ்போலோனாச்சாவின் வழிவந்தவர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கள் குடும்ப வரலாற்றைச் சோந்தால் மொழியிலேயே, லத்தீன் எழுத்தில், எழுதி ஸ்பானிய அரசுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஏடு செவியா நகரத்து ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அதில் கதை வேறு. குவாவ்தெமோக் சோந்தால் அரசனைத் தனியாகப் பார்த்து, நாம் சேர்ந்து இந்த ஸ்பானியர்களைக் கொன்றுவிடலாம் என்கிறான். பாஷ்போலோனாச்சா யோசிக்கிறான். ஸ்பானியர்கள் தன் ஆட்களை அடிக்கவும் இல்லை, கொல்லவும் இல்லை என்று எண்ணிப் பார்க்கிறான். கடைசியில் கோர்தேஸிடமே சொல்லிவிடுகிறான். குவாவ்தெமோக்கின் தலையை வெட்டி இலவ மரத்தில் மாட்டினார்கள் என்று அந்த ஏடு முடிக்கிறது. அவன் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. தன்னை அந்நியன் என்று அழைத்தவர்களின் அரசனை, தன் வாசலுக்கு வந்த இன்னொரு அந்நியனிடம் காட்டிக்கொடுத்தான். தன் ஊர் எரியாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவன் மனதில் வேறு என்ன இருந்திருக்கும்? அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகாஹூகாவுக்கும் அதைத் தாண்டித் துக்தா என்ற ஊருக்கும் போய் வந்தோம். நம் தாமிரபரணிக் கரையைப் பார்த்தவனுக்கு அங்கே போனதும் நெஞ்சு இளகிவிடும். தண்ணீரும் வாழையும் பனையோலைக் கூரையும். பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து சதுப்பில் வளரும் கோரையைப் பின்னிப் பாய் முடைகிறார்கள். பத்தமடையில் என் அத்தை உட்கார்ந்திருந்த அதே வாகு. மக்காச்சோள மாவையும் கொக்கோவையும் தண்ணீரில் கரைத்துச் சுரைக்குடுக்கை போன்ற கிண்ணத்தில் தந்தார்கள், போசோல் என்று பெயர். இனிப்பு கிடையாது. வெயிலில் நம் கம்பங்கூழ் செய்யும் வேலையை அது செய்கிறது. ஒரு பாட்டி பேரனைத் தன் மொழியில் ஏதோ அதட்டினாள். அவன் ஸ்பானிய மொழியில் பதில் சொன்னான். இருவருக்கும் மற்றவர் சொன்னது நன்றாகப் புரிந்தது. ஆனால் பதில் திரும்பி வந்த மொழி வேறு.

அங்கே தண்ணீருக்கு நடுவில் நீள நீளமாக மண்மேடைகள் இருக்கின்றன. 'சோந்தால் மேடைகள்' என்பார்கள். 1978-இல் அரசாங்கம் போட்டது. மெக்சிகோ நகரத்துக்குப் பக்கத்தில் ஏரியில் மேடை போட்டுப் பயிர் செய்கிற பழைய முறை ஒன்று உண்டு, அதைப் பார்த்து இங்கேயும் செய்யலாம் என்று அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் முடிவெடுத்தார்கள். பெரிய தூர்வாரும் இயந்திரங்களைக் கொண்டுவந்து சதுப்பைத் தோண்டி மண்ணை மேலே போட்டார்கள். அடியில் கிடந்த செத்த களிமண் மேலே வந்துவிட்டது, விளைகிற மண் அடியில் போய்விட்டது. சந்தைக்கு என்று காய்கறி போடச் சொன்னார்கள், பூச்சி தின்றது. இந்த மண்ணை உழுகிறவர்களிடம் முன்கூட்டி யாரும் யோசனை கேட்கவில்லை. திட்டம் தோற்றது, அதிகாரிகள் ஒதுங்கினார்கள். பிறகு ஊர்க்காரர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். மக்காச்சோளம், பீன்ஸ், வாழை என்று தாங்கள் உண்கிறதைப் போட்டார்கள், மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றினார்கள். அது விளைந்தது. கேட்டிருந்தால் முதல் வருடமே விளைந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்தக் காலத்தில் நாகாஹூகாவில் பழங்குடி நலத்துறை மையத்தின் தலைவராக இருந்த இளைஞர் யார் தெரியுமா? ஆந்த்ரேஸ் மனுவேல் லோபெஸ் ஒப்ரதோர். தபாஸ்கோவிலேயே பிறந்தவர். 1977-இல் வந்து சில வருடம் இந்த மக்களோடு இருந்தார். பிறகு மெக்சிகோவின் அதிபரானார். 2020 நவம்பரில் இங்கே பெருவெள்ளம். மேலே அணைகள் நிரம்பி வழிகின்றன. வியாஎர்மோசா நகரம் மூழ்காமல் இருக்க, தண்ணீரைத் தாழ்ந்த பகுதிகளுக்குத் திருப்பினார்கள். அதனால் நாகாஹூகா மக்கள் பாதிக்கப்பட்டார்கள், அவர்கள் சோந்தால்கள், மிகவும் ஏழைகள் என்று அதிபரே வாய்விட்டுச் சொன்னார். நான் இப்போது உட்கார்ந்து எழுதும் இந்த வீடு அந்த நகரத்தில்தான் இருக்கிறது, சண்முகம். இது நனையாமல் இருக்க அந்தப் பாட்டியின் ஊருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. போசோல் கிண்ணத்தைக் கையில் வாங்கிய அன்று எனக்கு இது தெரியாது. தெரிந்த பிறகு, இந்த மாத மழை ஒவ்வொரு இரவும் என்னைக் கேள்வி கேட்கிறது.

மெக்சிகோவின் 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி தபாஸ்கோ சோந்தால் பேசுகிறவர்கள் சுமார் 60,000 பேர். வஹாக்கா சோந்தால் சுமார் 5,600 பேர். அதில் கரையோர மொழி, அந்த முதலைக் கல்யாணம் நடக்கிற வாமெலூலாப் பக்கத்து மொழி, பெரும்பாலும் முதியவர்களின் வாயில்தான் இருக்கிறது. நீ ஒட்டியிருக்கும் படத்தில் மேயரைச் சுற்றி நிற்கும் இளைஞர்கள் சடங்கைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், மொழியை அவர்களுக்குக் கொடுக்க வீட்டில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. 2003-இல் வந்த சட்டம் பழங்குடி மொழிகள் எல்லாவற்றையும் ஸ்பானிய மொழிபோலவே தேசிய மொழிகள் என்று சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் அதட்டும் பாட்டிக்குப் பேரன் எந்த மொழியில் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்ல முடியாதே.

அந்தக் கணக்கில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. 'போதுமான அளவு குறிப்பிடப்படாத சோந்தால்' என்று. கணக்கெடுக்க வந்தவரிடம் 'சோந்தால் பேசுகிறேன்' என்று மட்டும் சொன்னவர்கள். எந்தச் சோந்தால் என்று ஏட்டில் தெரியாது. மாயனா, தெகிஸ்த்லாத்தேக்கா, தெரியாது. அடுத்தவன் வைத்த பெயரைச் சொன்னதால் தன் மொழி எது என்பதே ஏட்டில் காணாமல் போய்விட்டது.

அதைப் படித்ததும் எனக்கு 1981 நினைவுக்கு வந்தது. உனக்கும் வந்திருக்கும். வாத்தியார் வேலையில் சேர்ந்த புதிதில் நம்மைக் கணக்கெடுப்புக்குப் போட்டார்கள். மலையடிவாரத்துக் குடியிருப்பு, பதினொரு குடிசை. மத்தியானம் ஆகிவிட்டது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தாய்மொழி என்ற இடத்தில் யாரையும் கேட்காமலே நான் வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். மூன்றாவது குடிசை வாசலில் ஒரு பெரியவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். நீ நின்றாய். நான்தான் உன் தோளைத் தட்டி, நேரமாகிறது வா என்றேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்று நாம் கேட்டிருக்க வேண்டும். பஸ் போனால் போயிருக்கட்டும். அந்தப் படிவத்தை நிரப்பியது என் கை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

அதனால் உன்னிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் துண்டை 'விந்தை உலகம்' பகுதியிலிருந்து எடுத்துவிடு. கிழித்துப் போட வேண்டாம், பிள்ளைகள் பார்க்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு தாளில் உன் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டு: இது சோந்தால் மக்களும் இகூட்ஸ் மக்களும் சம்பந்தம் செய்துகொண்டு பகை தீர்ந்ததை நினைக்கும் விழா என்று. சோந்தால் என்ற பெயர் மற்றவர்கள் வைத்தது என்றும், அதன் பொருள் என்ன என்றும் எழுது. தபாஸ்கோக்காரர்களின் மொழிக்கு யோகோதான் என்று பெயர் என்பதையும் சேர்த்துக்கொள். எழுத்தில் அந்தத் தொண்டை அடைப்பைக் காட்ட நம்மிடம் குறி இல்லை. நீ பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிக்காட்டு. இரண்டு நாள் பழகினால் வந்துவிடும், எனக்கு வந்துவிட்டது. பேரன் தினமும் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறான்.

மகன் அடுத்த சனிக்கிழமை மறுபடி துக்தாவுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறான், மழை விட்டால். அந்தப் பாட்டி முடைந்த பாய் ஒன்று வாங்க வேண்டும். மதினி இங்கத்திய பாய் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாளே, அது அவளுக்குத்தான். பாயை எண்ண எந்த ஒட்டுச் சேர்க்க வேண்டும் என்று அன்றைக்குப் பாட்டியிடமே கேட்டுக்கொண்டு வந்து எழுதுகிறேன். பொங்கலுக்கு முன்பு ஊருக்குத் திரும்பிவிடுவேன்.

உன்,
கணபதி